உள்ளங்காலுக்குக் கீழே ஒரு பெயர்

ஆம்பூர் பைபாஸில் வரிசையாக இருக்கும் செருப்புக் கடைகளில் ஒன்றில் பழுப்பு நிற ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். தையல் ஓரிடத்திலும் பிசகவில்லை, தோல் வெண்ணெய் மாதிரி மடங்கியது. உள்ளே, குதிகால் படுகிற இடத்தில் தங்க நிறத்தில் அச்சடித்திருந்த பெயரை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். முதல் எழுத்தின் வளைவு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அந்தப் பேரோட இங்க விக்கக் கூடாது சார்" என்றார் கடைக்காரர்.

இருபது வருடமாகச் சென்னையில் லோகோவும் பேக்கேஜிங்கும் வரைந்து பிழைக்கிறவன் நான். டிசைன் படிக்கிற பிள்ளைகள் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பெங்களூரைத்தான் கைகாட்டுவேன். பெங்களூர் ரயில் ஒவ்வொரு முறையும் ஆம்பூர் வழியாகத்தான் போகிறது, ஒருநாளும் இறங்கியதில்லை. இந்த முறை இறங்கியதற்குக் காரணம் ஒரு லேபிள். நண்பர் ஒருவர் வாங்கிய பர்ஸுக்குள் தைத்திருந்த விரல்நீளத் துணி லேபிள் அது. எழுத்துகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியைப் பார்த்ததுமே, செய்தவருக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்தது. விசாரித்தபோது பேர்ணாம்பட்டுத் தம்பி ஒருவரைச் சொன்னார்கள்.

ஆம்பூர் சந்து ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஸ்டிக்கர் வெட்டுகிற ப்ளாட்டர், சுவரோரம் தோல் துண்டுகள். அப்பா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டியவராம். இங்கே டேனரியை ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்து, கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து பேனரும் செய்தே கோரல்டிரா கற்றுக்கொண்டார். பிறகு ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் மூன்று வருடம். செய்ததையெல்லாம் காட்டுங்கள் என்றேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு ஷூ பெட்டியை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். கருகிய தோல் துண்டுகள், தங்கம் பாதி ஒட்டி பாதி ஒட்டாத முத்திரைகள், சாயம் ஏறிப்போன லேபிள்கள்.

"நல்லா வந்தது எல்லாம் கஸ்டமர்கிட்ட போயிடுச்சுண்ணே. சொதப்புனது மட்டும் என்கிட்ட இருக்கு. இதுலதான் நான் கத்துக்கிட்டேன்."

வேலை தேடி வரும் பிள்ளைகள் காட்டும் பளபளப்பான போர்ட்ஃபோலியோக்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் இருந்த அறிவு அவற்றில் இருந்ததில்லை.

முதலில் அவர் என் கையில் கொடுத்தது சின்ன ஒரு ஸ்டிக்கர். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவின் அடியில் ஒட்டுவது. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதிப்படி ஜோடியில் ஒரு ஷூவிலாவது அது இருக்க வேண்டும். மேல்பாகம், உள்பாகம், சோல் என மூன்றுக்கும் மூன்று குறி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதனால் ஆனது என்பதற்கு இன்னொரு குறி. விரித்துப் போட்ட ஆட்டுத்தோல் மாதிரி உருவம் இருந்தால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சுள்ள தோல். வலைப்பின்னல் துணியைக் குறிக்கும், சாய்சதுரம் மட்டும் தனியாக இருந்தால் வேறு பொருள். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினாலே வெறும் தோல் என்று போடக் கூடாது. உலகத்தில் எந்த மொழிக்காரரும் படித்துவிடலாம். கிராஃபிக் டிசைன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி இந்த ஸ்டிக்கரைத்தான் காட்டப்போகிறேன்.

"ஒரு டைமண்டு மாறிப்போனா கன்டெய்னரே நின்னுடும்ணே" என்றார் தம்பி. அந்தப் பொறுப்போடுதான் அவர் ஒவ்வொரு கோட்டையும் போடுகிறார்.

சாயங்காலம் அவர் முத்திரை அடிக்கிற பட்டறைக்குக் கூட்டிப்போனார். நடத்துகிறவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இரும்பு பிரஸ், அதன் மேல்தட்டில் சூடேறும் பித்தளை பிளாக், இடையில் ஓடும் தங்க ஃபாயில் சுருள். தோலை வைத்து, கைப்பிடியை இழுத்து, மனசுக்குள் எண்ணி, விடுகிறார். அவ்வளவுதான் வேலை. ஆனால் எத்தனை எண்ண வேண்டும் என்பதைத் தோல்தான் சொல்லும். பட்டையில் பதனிட்ட தோலைக் கொஞ்சம் ஈரமாக்கி அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். குரோமில் பதனிட்டது ரப்பர் மாதிரி, அழுத்தின தடம் மெல்ல மேலே எழும்பிவிடும். அதில் தங்கத்தை நம்பித்தான் பெயர் நிற்க வேண்டும். திரையில் மட்டும் எழுத்து வரைந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு பள்ளிக்கூடம்.

பாயிடம் உருதுப் பெயர்களும் வரும். நஸ்தலிக் எழுத்தின் புள்ளிகள் படுத்துகிற பாட்டைக் காட்டினார். பெரிய எழுத்தில் அழுத்தம் பரவிவிடுகிறது. தனியாக நிற்கும் புள்ளியில் மொத்த அழுத்தமும் குவிகிறது. மெல்லிய லைனிங் தோலில் புள்ளி ஆணி மாதிரி இறங்கி ஓட்டை போட்டுவிடும். "நுக்தா மோசம் பண்ணிடும் தம்பி, அத கொஞ்சம் பெருசா போடு" என்று தம்பியிடம் எப்போதும் சொல்வாராம்.

இந்த ஊர் எப்படி மேலே வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பாலாற்றுப் படுகையின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் ஒருகாலத்தில் பதனிட்ட தோலைக் கட்டுக்கட்டாக அனுப்பிய ஊர்கள்தாம். 1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியை நிறுத்தியது, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வைத்தது. முழுத்தோலாக்கு, பொருளாக்கு என்பது அதன் பொருள். தோல் ஷூவின் மேல்பாகமான அப்பர் ஆயிற்று, அப்பர் முழு ஷூ ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் ஊருக்கு இன்னும் கொஞ்சம் கூலியும் இன்னும் கொஞ்சம் திறமையும் சேர்ந்தன. பாக்கி இருக்கும் படி பெயர். விலையில் பெரும்பங்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இது நடக்காத காரியமும் இல்லை. இங்கிருந்து ஒரு பகல் தூரத்தில், புதுச்சேரியில், 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் சொந்தப் பெயரிலேயே உலகத்துக்குப் பை விற்கிறது. பெயரின் மதிப்பு 2025 ஜூனில் இன்னொரு விதமாகவும் தெரிந்தது. மிலான் மேடையில் பிராடா காட்டிய செருப்பைப் பார்த்ததும் இது எங்கள் கோலாப்பூரி என்று மகாராஷ்டிரம் எழுந்து கேட்டது. அந்தச் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கி வைத்திருந்தார்கள். கேட்க ஒரு பெயர் இருந்தது.

மறுநாள் காலை பக்கத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து மொக்காசின் அப்பர் தைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு ஊசி, மெழுகு போட்ட நூல், இழுத்து இழுத்து மரத்துப்போன சுண்டுவிரல். இது எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று கேட்டேன். "பேரு தெரியாது சார். இது அறுவது ஓட்ட மாடல்" என்றார். துளைகளின் எண்ணிக்கையால்தான் ஒவ்வொரு மாடலும் அவருக்கு அடையாளம். பிராண்டு கட்டுவது பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இந்த அக்கா இருந்ததில்லை. லேபிளில் இவருக்கு ஒரு வரி வேண்டும், கூலியிலும் உயர்வு வேண்டும். இதை எங்கள் தொழில் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

தம்பியை நான் மனதார மதித்தது ஒரு வேலையை அவர் விட்டதற்காக. பை செய்கிற ஒருவர், தொங்கு அட்டையில் பச்சை இலை போட்டு, குரோம் கலக்காத இயற்கைத் தோல் என்று எழுதச் சொன்னாராம். தம்பி அந்தத் தோலில் ஓரமாக ஒரு சீவல் சீவிப் பார்த்திருக்கிறார். எனக்கும் ஒரு சீவல் சீவிக் காட்டினார். மேலே நல்ல பழுப்பு. வெட்டிய விளிம்பில் மட்டும் நீலம் கலந்த சாம்பல். குரோமில் ஊறிய தோலின் நிறம் அது. பட்டைத்தோல் என்றால் உள்ளேயும் பழுப்பாக இருக்கும்.

"பாலாத்துத் தண்ணி எங்க பாட்டி குடிச்சிருக்காங்க. எங்கம்மா குடிக்கல. அந்த எலய நான் எப்படிண்ணே போடுவேன்?"

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கு, தோல் ஷாப்களின் கழிவால் கெட்ட இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் போனது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். லேபிள் வரைகிறவர்களும் படிக்க வேண்டும். அந்த இலையை வேறு யாரோ போட்டுக்கொடுத்திருப்பார்கள். தம்பிக்கு அந்த மாத வாடகை இடித்தது. அதற்காக அவர் குரலில் வருத்தம் எதையும் நான் கேட்கவில்லை.

அவர் இப்போது தனக்கென்று ஒரு பெயரைத் தயாரிக்கிறார். பர்ஸ், பெல்ட், பிறகு ஷூ. பெயருக்குக் கீழே ஒற்றைச் சொல், தமிழில்: ஆம்பூர். ஏன் ஆங்கிலத்தில் வேண்டாம் என்று கேட்டதற்கு, ஆங்கிலத்தில் எழுதினால் வேறு எங்கோ செய்தது மாதிரி இருக்கிறது என்றார். ஃபான்டு எதையும் எடுக்கவில்லை, கையால் வரைந்திருந்தார். கிளம்புவதற்கு முன் பிளாக் வந்துவிட்டது என்று பாய் ஆளனுப்பினார். மூவரும் பிரஸ்ஸைச் சுற்றி நின்றோம்.

முதல் அடியில் ஆவன்னாவின் சுழி தங்கத்தால் அடைந்துபோய்விட்டது. பாய் சூட்டைக் குறைத்தார். இரண்டாவதில் சுழி திறந்தது, மகர மெய்யின் புள்ளி தோலைத் துளைத்துவிட்டது. "சொன்னேன்ல, நுக்தா" என்றார் பாய். தம்பி பேசாமல் பிளாக்கைக் கழற்றி, ஆறவைத்து, நுண்ணிய அரத்தால் இரண்டு புள்ளிகளின் உயரத்தையும் கொஞ்சம் தேய்த்து இறக்கினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாவது அடியில் சுழி திறந்து, புள்ளி நின்று, பூவின் கீழ்க்கோடு வளைந்து, ஊர்ப்பெயர் தோலில் சுத்தமாகப் பதிந்தது.

தம்பி அதை அரைவட்டமாக வெட்டினார். என் பையைத் திறக்கச் சொல்லி அந்தப் பழுப்பு ஷூவை வாங்கி, பெயர் சுரண்டிய இடத்தில் பசை தடவி, அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காயட்டும்ணே. அடுத்த டிரெயின் பிடிச்சுக்கலாம்."