மூன்று துளைகளின் சாட்சியம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பல, பின்னாளில் உபரிச் சரக்காக விற்கப்பட்டு அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களிடம் சேர்ந்தன. அவர்களுள் ஒரு சாரார் கடைத் தோட்டாவை நாடுவதில்லை. காரீயக் கலவையை உருக்கி, அச்சில் குண்டு வார்த்து, பழைய பித்தளை உறைகளில் தாமே தோட்டா கட்டுகின்றனர். நூறு கெஜத் தொலைவிலுள்ள தாளில் துளைகளை இயன்றவரை நெருக்கமாக விழச் செய்வதே அவர்கள் நோக்கம். அளவையும் சான்றையும் பற்றிய சில அடிப்படைக் கேள்விகளை இம்முயற்சி எழுப்புகிறது.

முதற்கேள்வி, குழலின் அளவு என்ன என்பது. 0.303 என்ற பெயர், சுருள் பள்ளங்கள் வெட்டப்படுவதற்கு முந்தைய உள்விட்டத்தைக் குறிக்கும். பள்ளத்தோடு அளந்தால் 0.311 அங்குலமும் வரும், அவசரகால உற்பத்தியில் 0.316-உம் வரும். குண்டு அதைவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பருமனாக இல்லாவிடில், சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து, காரீயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். எனவே மென்காரீயத் துண்டொன்றைக் குழலுள் செலுத்தி எடுத்து அளக்கின்றனர். அதிலும் ஓர் இடர்: பெரும்பாலான லீ-என்ஃபீல்டு குழல்களில் ஐந்து பள்ளங்கள் உள்ளன. ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மற்றொன்று இராது; மைக்ரோமீட்டர் நேரடியாக விடை தராது.

அடுத்தது உலோகம். தூய காரீயம் மிக மென்மையானது. அச்சுக்கூடங்களின் லைனோடைப் உலோகம், ஏறத்தாழ 84 விழுக்காடு காரீயம், 12 விழுக்காடு ஆன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட கடினக் கலவை. எழுத்து வார்த்த அதுவே இங்கே குண்டாகிறது. அதன்மேல் தேன்மெழுகு கலந்த மசகு, சிலவற்றின் அடியில் சிறு செம்புத் தொப்பி.

அத்தொப்பி அடிப்பாகத்தைக் காப்பதற்கும் காரணம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநில மருத்துவர் பிராங்க்ளின் மான், பல பத்தாண்டுச் சோதனைகளை 1909-இல் நூலாக்கினார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டவர் அவர். முனை சிதைந்தால் இலக்கு அதிகம் பிறழவில்லை. அடிப்பாகம் சிதைந்தால் பெரிதும் பிறழ்ந்தது. குழலை விட்டு இறுதியாக வெளியேறுவது அடிப்பாகம். அது சாய்ந்திருந்தால் வாயு ஒருபுறம் முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளும். கண்ணுக்கு உறுத்தும் குறை வேறு, விளைவைக் கெடுக்கும் குறை வேறு என்பதை அவர் சோதித்தே காட்டினார்.

இவ்வளவு கவனமும் இறுதிக் கட்டத்தில் வீணாகக் கூடும். ஒரு மருந்தளவில் மூன்று முறை சுட்டு, துளைகள் நெருங்கி விழுந்தால், 'இதுவே சிறந்த கலவை' என முடிவு கட்டுவது பரவலான வழக்கம். ஆனால் குழுவின் அகலம் என்பது மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளுக்கிடையேயான தூரம். சுடச் சுட அது கூடுமேயன்றிக் குறையாது. சிதறல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுமாயின், பத்துத் துளைக் குழுவின் சராசரி அகலம் மூன்று துளைக் குழுவினதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. பத்துக் கலவைகளை மூன்று மூன்றாகச் சுட்டால், அவை அனைத்தும் சமமானவையாயினும், ஏதோ ஒன்று தற்செயலாக முதலிடம் பெறும். 'கை நடுங்கியது' என்று விலகிய துளையொன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் அந்தப் பொய்க்கு உறுதியும் வாய்த்துவிடும்.

பத்து முறை சுடத் தடையாவது அறியாமை மட்டுமன்று. ஒவ்வொரு குண்டையும் வார்த்து, அளந்து, எடைபோட்டு, மசகிட வேண்டும். சான்றின் விலை உழைப்பு. அதைக் குறைக்கும் ஆசையே மூன்றோடு நிறுத்துகிறது. ஆய்வேட்டின் கெடு நெருங்கும்போது, கிடைத்த சிறு மாதிரியோடும் உவப்பான முடிவோடும் நிற்கத் தூண்டுவதும் அதே ஆசைதான்.

வார்ப்புக் குண்டுப் போட்டிகளில் இதற்கொரு எளிய மருந்து உண்டு. அங்கே எல்லாக் குழுக்களின் சராசரியே கணக்கு. விலகிய துளையும் கணக்கில் சேரும். சிறந்த தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவருக்கு அங்கே பரிசில்லை.