வைக்கோல் மாட்டுக்கா, மண்ணுக்கா?

அறுவடை முடிந்தால் வயலில் ஒரு தாள்கூட மிஞ்சாத ஊர்களில் ஒன்றில்தான் ரத்தன் லால் வளர்ந்தார். வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வரட்டியாகி அடுப்புக்கு. மண்ணுக்கென்று எதுவும் திரும்பாது. இன்று உலகம் அறிந்த மண் விஞ்ஞானியான அவர் வாழ்நாள் முழுக்கப் பேசி வருவது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

1944-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் மேற்குப் பஞ்சாபில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிரிவினையின்போது அகதிகளாக வந்த குடும்பம், ஹரியானாவின் ராஜவுந்த் கிராமத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. லூதியானாவிலும் டெல்லி பூசா நிறுவனத்திலும் படித்து, 1968-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1970-ல் நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் வேலை. காட்டைத் திருத்தி நிலமாக்கி, விளைச்சலைக் கூட்ட வழி சொல்ல வேண்டும். இளம் விஞ்ஞானிக்கு நம்பிக்கை நிறைய இருந்தது. மண்தான் ஒத்துழைக்கவில்லை. மரங்களை வெட்டி, இயந்திரம் விட்டு உழுத நிலம் சில பருவங்களிலேயே இறுகியது. மழை அடித்தால் மேல்மண் செந்நீராக ஓடியது. நண்பகல் வெயிலில் வெற்று மண்ணின் சூடு 40 டிகிரியைத் தாண்டியது. முளைத்து வரும் மக்காச்சோளம் அதை எப்படித் தாங்கும்?

லால் அங்கே செய்த சோதனை, நாமும் புரிந்துகொள்ளக்கூடிய எளிய சோதனை. 1, 5, 10, 15 சதவீதச் சரிவுகளில் பாத்திகள் பிரித்தார். ஒவ்வொரு பாத்தியின் கீழ்முனையிலும், வழிந்து வரும் நீரையும் மண்ணையும் பிடிக்கத் தொட்டி. சில பாத்திகள் வெறுமையாக, சில உழுது பயிர் வைத்து, சில மூடாக்குடன், சில உழாமல். மழை நின்றதும் தொட்டியைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். ஹெக்டேருக்கு 4 முதல் 6 டன் வைக்கோல் பரப்பிய பாத்தியில் சரிவு அதிகமாக இருந்தாலும் மண் ஏறக்குறைய வரவே இல்லை. வெற்றுப் பாத்தியில் சரிவு கூடக்கூட மண் கொட்டியது. நம் மானாவாரிச் செம்மண் காடுகளில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடையில் சிவப்பாகப் போவதும் இதே சரக்குதான். மண்ணோடு நாம் காசு கொடுத்துப் போட்ட உரமும் போகிறது. கீழே குளத்தில் அது பாசியாகிறது.

1980களின் தொடக்கத்தில் ரோஜர் ரெவல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இபாதானுக்கு வந்தார். காற்றில் கரியமில வாயு கூடுவதை ஆராய்ந்த கடலியலாளர். காட்டு மண் கறுப்பாக, பொலபொலவென்று இருப்பதையும், பக்கத்தில் உழுத மண் வெளுத்துக் கெட்டியாக இருப்பதையும் லால் காட்டினார். அந்தக் கறுப்பெல்லாம் எங்கே போனது, அதைத் திரும்ப மண்ணுக்குள் கொண்டுவர முடியுமா என்பது ரெவலின் கேள்வி. அதுவரை மண்ணரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மண்ணின் கரிமத்தின் பக்கம் திருப்பியது அந்தக் கேள்விதான்.

1987-ல் ஓஹையோவுக்கே பேராசிரியராகத் திரும்பி, பல நாட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2020-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதன் 2,50,000 டாலரையும் மண் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். 2021-ல் பத்மஸ்ரீ.

சரி, ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலுக்கு எங்கே போவது? மாடு பட்டினி கிடக்கட்டுமா? இந்தக் கேள்வியை லால் ஒதுக்கவில்லை. வைக்கோலை மண்ணில் விடும் விவசாயி ஊருக்கே நன்மை செய்கிறார், அதற்கு அவருக்குப் பணம் தர வேண்டும் என்று அரசுகளிடம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். நம் பக்கம் அந்தப் பணம் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதுவரை வரப்பில் அகத்தியோ கிளிரிசிடியாவோ வைத்து வெட்டிப் போடுவதும், களையைக் காய்க்கும் முன் பிடுங்கிப் பயிர் வரிசைக்குள்ளேயே பரப்புவதும், சோளத்தட்டையில் மாடு கழிக்கும் அடித்தண்டை எரிக்காமல் விடுவதும்தான் கைக்கு எட்டுவது.

மண் பரிசோதனை அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்போம். கரிமம் என்ற வரியில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் நல்ல அளவு.