கம்ப்ரஸர் எத்தனை ஹெச்.பி.?

"கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் சித்தப்பா. பத்தாயிரம் கிட்ட ஆவும் போல"ன்னு நான் வாயை விட்டது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில. சித்தப்பா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். பய ஒருவழியா உருப்பட்டுட்டான், காட்டைப் பாக்கப் போறான்னு நெனச்சிருக்கார்.

"எத்தனை ஹெச்.பி.? எத்தனை அடி போர்ல எறக்கப் போற?"

சின்ன வெங்காயம் போடுற ஊர்க்காரங்களுக்குக் கம்ப்ரஸர்னா ஒண்ணே ஒண்ணுதான். போர்ல தண்ணி அடியில போயிட்டா, மேல இருந்து காத்தை உள்ள அனுப்பித் தண்ணியை மேல தள்ளுற மெஷின். நான் மெதுவா, "அது இல்ல சித்தப்பா, கிடாருக்கு"ன்னேன்.

"கிடாருக்கு எதுக்குடா காத்து?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். பொறுத்துக்குங்க மக்களே.

நான் இந்தப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒண்ணுல பகுதிநேர கிடாரிஸ்ட். முழுநேரத்துக்கு வேற பொழப்பு இருக்கு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாங்க இல்லையா, அந்த மாதிரி என் கிடார் பெட்டியும் வாரம் ரெண்டு நாள்தான் திறக்கும். சித்திரை, வைகாசி, ஆடின்னு திருவிழா சீசன் வந்தா மட்டும் பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துலயும் மாறி மாறி மேடை. (2007ல ரெண்டாவது தடவையா மாவட்டத்தைப் பிரிச்சாங்க. எங்க குழுவை மட்டும் யாரும் பிரிக்கல.)

2019ல ஒரு கச்சேரி முடிஞ்சு விடியக்காலம் மூணு மணிக்கு டாட்டா ஏஸ்ல ஸ்பீக்கர் பெட்டி ஏத்துறோம். பின்பக்கக் கதவு இடுக்குல என் வலது கை மோதிர விரல் மாட்டிக்கிச்சு. எலும்பு கூடிருச்சு, நகமும் வளந்துருச்சு. ஆனா விரல் நுனியில உணர்ச்சி பாதிதான். சாப்பிட, பைக் ஓட்ட, செல்போன் தேய்க்க எந்தக் கஷ்டமும் இல்ல. கிடார்ல மட்டும் இருக்கு. கம்பிகளை ஒவ்வொண்ணா விரலால மீட்டி வாசிக்கும்போது கட்டைவிரல் மேல இருக்கற தடிச்ச கம்பிகளைப் பாத்துக்கும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக் கம்பிகளை. மோதிர விரலுக்கு ஒதுக்கினது எல்லாத்துலயும் மெலிசான முதல் கம்பி. பாட்டோட மெட்டு பெரும்பாலும் உக்காந்திருக்கறது அங்கதான். அந்தக் கம்பி மட்டும் எனக்கு ஊமையாப் போச்சு.

'பயணங்கள் முடிவதில்லை' வந்தது 1982ல. இன்னிக்கும் 'இளைய நிலா' கேட்டுத் துண்டுச் சீட்டு வராத கச்சேரி இல்ல. அந்தப் பாட்டு கிடார்ல ஒளிஞ்சுக்க இடமே தராது. ரெண்டு மேடையில சமாளிச்சேன். மூணாவது மேடைக்கு முன்னால எங்க மாஸ்டர் அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பாட்டுக்கு நீ கார்டு மட்டும் போட்டுக்கப்பா. அந்த பிட்டைத் தம்பி கீபோர்டுல வாசிச்சுக்குவான்"னார். கோவமாச் சொல்லியிருந்தாக் கூடப் பரவால்ல. அவ்ளோ பிரியமாச் சொன்னார்.

கீபோர்டுப் பையன் நல்லா வாசிச்சான். அதுதான் இன்னும் வலிச்சுது.

அப்பத்தான் கம்ப்ரஸர் பெடல் யோசனை வந்துச்சு. எலெக்ட்ரிக் கிடார் கத்துக்கறவங்க எல்லாரும் முதல்ல டிஸ்டார்ஷனும் டிலேயும்தான் வாங்குவாங்க. போட்ட உடனே வித்தியாசம் தெரியுமே. கம்ப்ரஸர் அப்படி இல்ல. நல்லா வேலை செய்யுதுன்னா அது இருக்கறதே தெரியாது.

என்னதான் செய்யுது? அரியலூர் ரோட்டுல போற சிமெண்ட் லாரியை வச்சு சொல்றேன். லாரியில வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வச்சு 80க்கு மேல போகாமப் பூட்டுவாங்க. அது லிமிட்டர். கம்ப்ரஸர் கொஞ்சம் இளகின மனசு. 40 வரைக்கும் உன் இஷ்டம். அதுக்கு மேல நீ நாலு கிலோமீட்டர் கூட்டுனா, நான் ஒண்ணுதான் கூட விடுவேன். இதைத்தான் நாலுக்கு ஒண்ணு ரேஷியோங்கறாங்க. இப்படிப் பெரிய சத்தத்தை அமுக்கிட்டு, அப்புறம் மொத்தத்தையும் சேத்துத் தூக்கிவிடும். அதனால சின்ன சத்தம் பெருசாக் கேக்கும், நீட்டி ஒலிக்கிற சுரம் இன்னும் நீளும். அட்டாக்னா எவ்ளோ சீக்கிரம் பிரேக் போடறது, ரிலீஸ்னா எவ்ளோ சீக்கிரம் காலை எடுக்கறது. அவ்ளோதான். (அமுக்கறது எங்க பக்கத்துக்கு ஒண்ணும் புதுசில்ல. கடல் சிப்பியையும் நத்தையையும் கோடிக்கணக்கான வருஷம் அமுக்கிச் சுண்ணாம்புக்கல் ஆக்கி, அது மேல சிமெண்ட் ஆலை கட்டின ஊரு அரியலூர்.)

முதல்ல நான் பண்ணின தப்பு, ஆன்லைன்ல இருக்கறதுலயே மலிவா ஒண்ணைத் தட்டி விட்டது. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அதோடது இல்ல. வீட்டுல வாசிச்சா தேன். முதல் கம்பி மணி மாதிரி கேக்குது. துள்ளிக் குதிச்சு அரியலூர் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு எடுத்துட்டுப் போனேன். ஜெனரேட்டர் கரண்டு, எர்த் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, மேடையைச் சுத்தி டியூப் லைட்டும் சீரியல் செட்டும். என் கிடார்ல இருக்கறது சிங்கிள் காயில் பிக்கப், ஊர்ல இருக்கற இரைச்சலை எல்லாம் இழுத்து வச்சுக்கும். நான் வாசிக்கற வரைக்கும் சமத்தா இருந்துச்சு. சுரம் அடங்க அடங்க கம்ப்ரஸர் 'ஐயோ, சத்தம் கொறையுதே'ன்னு தூக்கிவிட ஆரம்பிச்சுது. எதைத் தூக்கும்? மிச்சம் இருக்கறது ங்ங்ங்ங்னு அந்த இரைச்சல் மட்டும்தானே! பாட்டுக்குப் பாட்டு நடுவுல, அறிவிப்பாளர் கோயில் தர்மகர்த்தாவுக்குப் பொன்னாடை போர்த்தும்போதெல்லாம் பின்னால ஒரு பெரிய வண்டு. சவுண்டுக்காரத் தம்பி மைக்லயே, "அண்ணே, கிடாரைக் கொஞ்சம் மூடுங்கண்ணே"ன்னுட்டான்.

அவ்வ்வ்வ்...

இந்தக் கதையைச் சித்தப்பாகிட்ட சொன்னப்ப, மனுஷன் ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டார். "போர்ல தண்ணி கம்மியா இருக்கறப்ப கம்ப்ரஸரை முறுக்குனா சேறும்தான் வரும்." இதைத் தெரிஞ்சுக்க நான் நூறு வீடியோ பாத்திருக்கேன்.

அதுக்கப்புறம்தான் ஒழுங்காத் தேட ஆரம்பிச்சேன். திருச்சியில ஒரு நண்பர், பெடல் பைத்தியம். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அவர் வீட்டுல. அவர்கிட்ட எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் இருக்கு, 1970கள்ல இருந்து வர்ற மாடல். ரெண்டே குமிழ்தான், ஒண்ணு சத்தம், இன்னொண்ணு எவ்ளோ அமுக்கணும்கறது. பாஸ் சிஎஸ்-3ம் இருக்கு, 1986ல வந்தது. லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன்னு நாலு குமிழ். ஒளியை வச்சு வேலை செய்யற ஆப்டிகல் வகை ஒண்ணு. சாயங்காலமானா தானா எரியற தெருவிளக்குல வெளிச்சத்துக்கு ஏத்தாப்ல மாறுற ஒரு பொருள் இருக்கும்ல, கிட்டத்தட்ட அதே சங்கதிதான் இதுக்குள்ள. அமுக்கறது கொஞ்சம் நிதானமா, வழுக்கிக்கிட்டு இருக்கும். நாலாவதா, பிளெண்ட் குமிழ் வச்ச ஒண்ணு.

ஒரே ஒரு விதி வச்சுக்கிட்டோம். தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டக் கூடாது. என்னைத் தோக்கடிச்ச அந்த ஒரே மீட்டலைத்தான் வாசிக்கணும். நான் கண்ணை மூடிக்கணும், அவர் பெடலை மாத்தி மாத்திப் போடுவார். இன்னொண்ணு, போட்டாலும் அணைச்சாலும் சத்தம் ஒரே அளவுல இருக்கற மாதிரி வச்சுக்கணும். இல்லன்னா எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லதுன்னு காது பொய் சொல்லும். கம்ப்ரஸர் வாங்கறவங்க முக்கால்வாசிப் பேர் ஏமாறுறது இங்கதான்.

டைனா காம்ப்ல முறுக்கினா 'டுப்'புனு ஒரு அடி, அப்புறம் நீளமா ஒரு வால். வேகமா பிக் வச்சு அடிக்கிற துள்ளல் பாட்டுக்கெல்லாம் பிரமாதமா இருக்கும். ஆனா என் மீட்டலுக்கு நாலு விரலும் ஒரே ஆள் மாதிரி ஆயிடுச்சு. சிஎஸ்-3ல அட்டாக்கைத் திருப்பினா விரல் பட்ட அந்த முதல் துளி திரும்பி வருது, இது பரவால்ல. ஆப்டிகல் அழகுதான், ஆனா ஊமைக் கம்பியை அவ்ளோ தூக்கல.

நடுவுல நண்பர் ஒண்ணு கேட்டார். "முதல் கம்பி இப்ப நல்லாக் கேக்குது. ஆனா கட்டைவிரல் எங்க போச்சு?"

உண்மைதான். கெட்ட விரலுக்காக நல்ல விரல் மூணையும் அமுக்கிட்டு உக்காந்திருக்கேன். இருபது வருஷம் பழக்கின கட்டைவிரல் அது. எங்க அழுத்தணும், எங்க விடணும்னு என்னைக் கேக்காமலே அதுக்குத் தெரியும். அதையும் சேத்து இஸ்திரி போட்டுட்டா அப்புறம் கீபோர்டுப் பையன் வாசிச்சா என்ன, நான் வாசிச்சா என்ன?

பிளெண்ட் குமிழோட அருமை அப்பத்தான் புரிஞ்சுது. அமுக்கின சத்தத்தையும் அமுக்காத சத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கலக்குது. ஸோட்டிக் எஸ்பி, வாம்ப்ளர் ஈகோ, டிசி எலெக்ட்ரானிக்கோட ஹைப்பர்கிராவிட்டி, இதுலயெல்லாம் இந்தக் குமிழ் இருக்கு. கட்டைவிரல் தன் பாட்டுக்கு நேரா வரும். முதல் கம்பிக்கு அடியில இருந்து ஒரு கை முட்டுக் கொடுக்கும். பாதிக்குக் கொஞ்சம் கீழ வச்சேன். முதல் கம்பி மத்ததை விட அப்பவும் ஒரு இழை கம்மிதான். நண்பர் இன்னும் ஏத்தட்டுமான்னார். வேண்டாம்னுட்டேன்.

அந்த மூணுல ஒண்ணைத்தான் வாங்கினேன், செகண்ட் ஹேண்ட்ல. எதுன்னு சொன்னா விளம்பரம்பீங்க.

இரைச்சலுக்கும் கொஞ்சம் மெனக்கெட்டேன். எல்லா பெடலுக்கும் ஒரே அடாப்டர்ல இருந்து கிளை பிரிச்சு கரண்டு கொடுக்கறதை நிறுத்தி, கம்ப்ரஸருக்குத் தனி அடாப்டர். டிஸ்டார்ஷனுக்கு முன்னால அதை வச்சேன். பின்னால வச்சா டிஸ்டார்ஷனோட இரைச்சலையும் தூக்கிக் காட்டும். மேடையில டியூப் லைட்டை விட்டுத் தள்ளி உக்காந்து, கிடாரைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிப் பாப்பேன். ஏதோ ஒரு கோணத்துல இரைச்சல் பாதியா விழும். அங்கேயே நாற்காலியைப் போட்டுக்குவேன். பாக்கறவங்களுக்கு நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். திமிருன்னு சொல்றாங்களாம். பாட்டுக்கு நடுவுல கிடார்ல இருக்கற வால்யூமை முழுசா மூடிடுவேன், இதுக்கு அஞ்சு பைசா செலவில்ல.

போன சித்திரையில பெரம்பலூர் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். ராத்திரி பதினொண்ணரைக்கு வழக்கம் போல துண்டுச் சீட்டு வந்துச்சு. மாஸ்டர் அண்ணன் கீபோர்டுப் பக்கம் திரும்புறதுக்குள்ள நான் பெடலை மிதிச்சு அந்த முதல் நாலு சுரத்தை வாசிச்சுட்டேன். அவர் அப்படியே நின்னு திரும்பிப் பாத்தார். அப்புறம் தலையை ஆட்டி எண்ணிக்கை கொடுத்தார். கீபோர்டுப் பையன் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். நல்ல பையன்.

மூணாவது சுற்றுல விரல் ஒரு தடவை வழுக்குச்சு. அந்தச் சுரம் விழவே இல்ல. விழாத சுரத்தைத் தூக்கிவிட எந்தப் பெடலாலயும் முடியாது. பாடகர் அதுக்குள்ள மேல பாட ஆரம்பிச்சிட்டதால தப்பிச்சேன்.

அண்ணன் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அடுத்த கச்சேரிக்கு வாட்ஸாப்புல பாட்டு லிஸ்ட் வந்தப்ப, ஏழாவது பாட்டுக்குப் பக்கத்துல 'கிடார்'னு மட்டும் போட்டிருந்தார்.

சித்தப்பாவும் அன்னிக்குக் கச்சேரிக்கு வந்திருந்தார். விடியக்காலம் டீ குடிக்கும்போது, "அந்த கம்ப்ரஸரைக் காட்டு"ன்னார். உள்ளங்கையில வச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்தார். "இதுக்கா அந்தக் காசு? எவ்ளோன்னு வீட்ல சொல்லியிருக்க?"

நாலாயிரம்னுதான் சொல்லியிருக்கேன். விலை தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல போட்டு உடைச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்.