ஒரு சிகரெட்டுக்கு எவ்வளவு விஷம்?

புதுப்பட்டினம் கடைத்தெருப் பெட்டிக்கடையில் யாராவது "அண்ணே, ஒரு மில்லிகிராம் தார் கொடுங்க" என்று கேட்டதுண்டா? :-) "ஒரு சிகரெட்" என்றுதான் கேட்பார்கள். இந்த ஒற்றைக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்டில் வெறும் புகையிலை மட்டும் இருப்பதில்லை. சர்க்கரை, கோகோ, அதிமதுரம், மென்தால் என்று ருசிக்கும் மணத்துக்கும் என்னென்னவோ சேர்க்கிறார்கள். 1994-ல் அமெரிக்கக் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கொடுத்த பட்டியலில் 599 பொருட்கள்! சர்க்கரையும் அதிமதுரமும் நம் வீட்டில் இருப்பதுதானே, என்ன கெடுதல் என்று தோன்றும். ஆனால் தின்பது வேறு, கொளுத்தி இழுப்பது வேறு. சர்க்கரை எரிந்தால் அசிட்டால்டிஹைடு வரும்.

2002-ல் பிலிப் மோரிஸ் கம்பெனி 333 சேர்பொருட்களைச் சோதித்து நான்கு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டது. சேர்பொருள் போட்ட சிகரெட், போடாத சிகரெட் இரண்டின் புகையிலும் உள்ள ரசாயனங்களை அளந்தார்கள். பாக்டீரியாவில் சோதித்தார்கள். எலிகளை 90 நாள் அந்தப் புகையைச் சுவாசிக்க வைத்தார்கள் (பாவம் எலிகள்). சேர்பொருளால் நச்சுத்தன்மை ஒன்றும் கூடவில்லை என்று முடிவு சொன்னார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. வழக்குகளால் இந்தக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியே வந்திருந்தன. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்டன் கிளான்ட்ஸ் குழுவினர் அவற்றைப் புரட்டி, அதே எண்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டு 2011-ல் வெளியிட்டார்கள்.

கோளாறு எங்கே தெரியுமா? வகுத்த எண்ணில்! கம்பெனி ஒவ்வொரு நச்சின் அளவையும் புகையிலுள்ள மொத்தத் துகள் எடையால் வகுத்திருந்தது. சேர்பொருள் போட்டால் அந்தத் துகள் எடையே கூடிவிடுகிறது. மேலே உள்ள எண்ணோடு கீழே உள்ள எண்ணும் சேர்ந்து ஏறினால் விடை எப்படி ஏறும்? காமர்ஸ் மக்களுக்குச் சட்டென்று புரியும். செலவு எகிறிய ஒரு வியாபாரி, "விற்பனையில் சதவீதமாகப் பாருங்க, ஏறவே இல்லையே" என்று காட்டுகிற அதே கணக்குதான்.

பெட்டிக்கடைக் கணக்குப்படி, ஒரு சிகரெட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தபோது, புற்றுநோய் உண்டாக்குபவை உட்பட 15 நச்சு ரசாயனங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தன. எலிகளின் எண்ணிக்கையும் குறைவு. அவ்வளவு கொஞ்சம் எலிகளை வைத்துச் செய்தால், வித்தியாசம் இருந்தாலும் புள்ளியியலில் அகப்படாது.

இங்கே? 2003-ம் வருடத்துப் புகையிலைச் சட்டத்தில், பெட்டி மேல் நிகோடின், தார் அளவு போட வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. புகையிலையைச் சோதிக்க நொய்டா, மும்பை, குவாஹாத்தியில் 2019-ல் பரிசோதனைக் கூடங்களும் வந்தன. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது நிகோடினும் தாரும்தான். கோகோவும் அதிமதுரமும் அதில் வரவே இல்லை.