முற்றத்து மரமும் ஊர் ஏரியும்

புது வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் அண்மைக் காலமாக நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. செபம் முடிந்து, அறைகள்தோறும் தீர்த்தம் தெளித்து, எல்லாரும் பந்தியில் அமரும் வேளையில் வீட்டுத் தலைவர் மெல்ல அருகில் வந்து, "சாமி, முன்வாசலில் அழகுக்கு என்ன மரம் வைக்கலாம்?" என்பார். அவர் வாய் மூடுமுன் மகன் ஒரு மரத்தின் பெயரைச் சொல்வான். மருமகள் நகரத்துப் பங்களாவொன்றில் கண்ட செடியைச் சொல்வாள். மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டி மட்டும், "புங்கங்கன்று ஒன்று வையுங்கள், நிழலாவது கிடைக்கும்" என்பார். பாட்டியின் சொல் பெரும்பாலும் அம்பலம் ஏறுவதில்லை.

இது சிறு காரியம், இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. புடவை எடுப்பதற்கு நான்கு கடை ஏறி இறங்குகிறோம். அது சில ஆண்டுகளில் கிழிந்துவிடும். மரமோ நமக்குப் பின்னும் நின்று, நம் பேரப்பிள்ளைகளுக்கு நன்மையோ தொல்லையோ செய்துகொண்டிருக்கும். அதைச் சாலையோர நாற்றுப் பண்ணையில் வண்டியை நிறுத்தி, பூத்திருக்கும் நிறத்தை மட்டும் பார்த்து, ஐந்து நிமிடத்தில் வாங்கி வருகிறோம். இது முறையா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் பக்கம் செல்லும்போதெல்லாம் இந்த எண்ணம் நமக்கு வலுப்படுகிறது. பெரிய ஏரியும், படியிறங்கிச் சென்றால் நிலத்துக்கு அடியில் கல் மண்டபத்தோடு விளங்கும் நடவாவிக் கிணறும் அவ்வூரின் பெருமை. ஏரியில் நீர் நின்றால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் முற்றத்துச் செடி தழைக்கும். காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரம் முழுவதும் இப்படி ஏரிகளை நம்பி வாழ்ந்த சீமை. ஆகவே இங்கே ஒருவர் தம் முற்றத்தில் எதை நடுகிறார் என்பது அவருடைய சொந்தக் காரியம் மட்டும் அன்று.

இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை அறிவார்கள். 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டின்படி, 30 குடும்புகளிலிருந்து 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தோட்டத்துக்கென்று ஒரு வாரியம்! அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டு வாரியத்தில் அமர்வோர் முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டமும் ஏரியும் அறியாதவன் ஊரை ஆளத் தகான் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். தோட்டக்காரரும் ஏரிக்காரரும் ஒரே குடத்து ஓலையிலிருந்து வந்தார்கள். நாமோ இன்று தோட்டத்தை வேலிக்கு உள்ளே வைத்து, ஏரியை வேலிக்கு வெளியே தள்ளிவிட்டோம்.

இந்தப் பிரிவினால் வந்த கேடு கொஞ்சமா? ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கும் ஆகாயத்தாமரையை நம் ஏரிகளில் காணாதவர் யார்? தென் அமெரிக்காவில் பிறந்த அச்செடி, பூவின் அழகுக்காகவே நாடு நாடாகக் கொண்டு செல்லப்பட்டது. தொட்டியில் மிதந்த அழகு, தொட்டி நிரம்பியதும் வாய்க்காலுக்கு வந்தது. வாய்க்காலிலிருந்து ஏரிக்கு வந்தது. இன்று நீர் முகம் தெரியாதபடி மூடி நிற்கிறது. உண்ணிச்செடியின் கதையும் அதுவே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் வழியாக அலங்காரச் செடியாக நுழைந்த அது, இன்று முதுமலை போன்ற காடுகளில் புல்லை முளைக்கவிடாமல் படர்ந்து, மானும் காட்டெருமையும் மேய இடமில்லாமல் செய்கிறது. நீலகிரிப் பக்கத்தில் மஞ்சள் கொன்றை என வழங்கும் அயல் மரமும் அழகுக்காக வந்ததே. அதை வெட்டி அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையில் வனத்துறை ஈடுபட வேண்டியதாயிற்று. விறகுக்காக வந்த சீமைக் கருவேலம் நம் ஏரிகளின் உள்வாயைப் பிடித்துக்கொண்ட கதையை விரிக்கத் தேவையில்லை. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022-இல் தமிழக அரசு ஒரு தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது.

இவை பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கோனோகார்ப்பஸ் என்ற மரத்தை அன்பர்கள் அறிந்திருப்பார்கள். விரைவில் வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும், கத்தரித்தால் சுவர்போல் அடர்த்தியாகும், ஆடு மாடு கடிக்காது. இத்தனை 'நல்ல குணங்கள்' ஒருங்கே அமைந்ததால் சாலை நடுவிலும் வீட்டு மதிலோரத்திலும் வரிசையாக நட்டார்கள். பிறகுதான் அதன் வேர் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிச் செல்வதும், பூந்தூள் மூச்சுத் தொல்லை தருவதாக எழுந்த முறையீடும் தெரியவந்தன. குஜராத் அரசு 2023-இலும் தமிழக அரசு 2025-இலும் அதை நடுவதற்குத் தடை விதித்தன. நட்டவர் கெட்ட எண்ணத்தோடு நடவில்லை; கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளாமல் நட்டார்.

அந்தக் கேள்விகள் எவை? நம் அனுபவத்தில் நான்கைச் சொல்வோம்.

முதலாவது, இது முழு வளர்ச்சி அடைந்தால் எவ்வளவு இடம் கொள்ளும்? பண்ணையில் எல்லாக் கன்றும் முழங்கால் உயரந்தான். கிறிஸ்துமஸ் மரம் என்று ஆசையோடு வாங்கித் தொட்டியில் வைக்கும் அரக்கேரியா, தன் சொந்தத் தீவாகிய நார்ஃபோக்கில் 50 மீட்டருக்கு மேல் ஓங்கும் இனம் என்பதை எத்தனை பேர் அறிவோம்? பெருமரமானால் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். மேலே மின்கம்பி உண்டா, கீழே கழிவுத் தொட்டி உண்டா என்று அண்ணாந்தும் குனிந்தும் பார்த்த பிறகே குழி வெட்ட வேண்டும்.

இரண்டாவது, காற்றுக்கு நிற்குமா? மே மாதத்தில் தீப்பற்றியதுபோல் பூக்கும் குல்மொகர் மடகாஸ்கர் தீவின் மரம். அதன் அழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேர் மேலோட்டமானது. கிளை எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது இத்தகைய அயல் மரங்கள் வேரோடு சாய்ந்து தெருக்களை அடைத்ததை நாம் மறந்துவிடவில்லை. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மாட்டுக் கொட்டகையும் ஒரு புயல் இரவில் அப்படியே நசுங்கியது. அன்று மாடுகள் வயலோரம் கட்டப்பட்டிருந்தது இறைவன் செயல். அகன்ற மைதானத்தில் அம்மரம் நிற்கலாம். கூரையை ஒட்டியும் பள்ளிக்கூடத்து வாசலிலும் அதற்கு இடமில்லை.

மூன்றாவது, பிள்ளைகள் வாயில் வைத்தால் என்ன ஆகும்? அழகுச் செடிகளில் நஞ்சுடையவை பல. செவ்வரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றின் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கேரளத்துக் கோவில் வாரியங்கள் 2024-இல் அரளிப் பூவைப் படையலிலிருந்து விலக்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். துராந்தாவின் பொன்னிறக் காய்கள் பிள்ளைகளைக் கவரும், அவையும் நஞ்சே. நம் மாநில மலராகிய காந்தளின் கிழங்கும் அவ்வாறே. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்தில் நான்கு வயதுக் குழந்தை மஞ்சள் அரளிக் காயை விளையாட்டாகக் கடித்துவிட்டது. இரவு முழுவதும் மருத்துவமனை வாசலில் அக்குழந்தையின் தாயோடு நாமும் அமர்ந்திருந்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலை தாத்தா முதல் வேலையாகக் கோடரியை எடுத்தார். அந்த மரத்தை வைத்தவரும் அவர்தான். வெட்டும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இவற்றை வைக்காதிருப்பதே நலம்.

நான்காவது, இதன் உண்மைப் பெயர் என்ன? பெயர் மயக்கத்தால் ஏமாறுவோர் பலர். 'கொன்றை' என்று கேட்டால் சரக்கொன்றையும் தருவார்கள், காட்டைக் கெடுக்கும் மஞ்சள் கொன்றையும் தருவார்கள். 'அசோக மரம்' என்று மதிலோரம் ஒல்லியாக நிற்பது நெட்டிலிங்கம்; மெய்யான அசோகம் ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும் வேறு மரம். செடிகொடிகளை இனம் கண்டு பெயர் சொல்லும் கலையில் நம் திருச்சபையாரின் பங்கும் உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரக் காப்பகத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, தமிழகத்துச் சமவெளிச் செடிகொடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேகரித்து, 1980-களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அதற்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்னரே, கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் பெயர் பெயராக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பத்தையேனும் பார்த்து அறியும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் எத்தனை பேர்?

அப்படியானால் எதைத்தான் வைப்பது என்று கேட்பீர்கள். சிறு முற்றமா? பவழமல்லி வையுங்கள், இரவெல்லாம் மணந்து, விடியலில் பாய் விரித்ததுபோல் பூச் சொரியும், கூரையைத் தாண்டித் தொல்லை தராது. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ எனப்படும் வெட்சி ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியும் பூப்பவை. நட்டுப் பிழைத்தபின் அதிக நீரும் கேளா. சற்று அகன்ற இடமா? மகிழ மரம் மெல்ல வளரும். ஆனால் என்றும் பசுமை, அடர்ந்த நிழல், உலர்ந்தும் மணம் மாறாத பூ. சித்திரையில் பொற்சரம் தொங்கவிடும் சரக்கொன்றைக்கு ஈடான அழகை எந்த அயல்நாட்டு மரத்தில் காண்போம்? பாட்டி சொன்ன புங்கன் கோடைக்குமுன் இலை உதிர்த்து, வெயில் ஏறும்போது இளந்தளிர் விட்டுக் குளிர் நிழல் தரும். வேரால் மண்ணையும் வளப்படுத்தும். பூவரசும் புன்னையும் காற்றுக்கு அஞ்சாதவை. வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும். ஆடு தொடாதது என்பது அதன் பெயரிலேயே விளங்குகிறதே!

அயல்நாட்டுச் செடி எல்லாம் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் வெண்பூச் சொரியும் ஈழத்தலரியும் அமெரிக்கக் கண்டத்து விருந்தாளியே. அவை நட்ட இடத்தில் நின்று பூக்கின்றன; ஏரியைத் தேடிப் போவதில்லை. விருந்தினர் வரலாம், வீட்டுக்காரரை வெளியேற்றக் கூடாது. கல்லறைத் தோட்டத்திலும் கோவில் வளாகத்திலும் மரம் வைக்க விரும்பும் பங்குகள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் போதும்.

நடும் பருவமும் முக்கியம். இவ்வட்டாரத்தில் ஆடிக்குப் பின் மண் நனையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. ஆவணி, புரட்டாசியில் மூன்றடிக் குழி வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நட்டால், மழையே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் குழந்தையைப்போல் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டு மரக்கன்றுகள் வனத்துறை நாற்றங்கால்களிலேயே கிடைக்கின்றன.

நம்மை மிக வருத்துவது தவறான மரத்தைக் காட்டிலும் மரமே இல்லாத முற்றந்தான். இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் வாசல் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்து, இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்துவிட்டு, தோட்டம் என்கிறார்கள். மழை நீர் மண்ணில் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடுகிறது. பிறகு கிணறு வற்றிவிட்டது என்று முறையிடுகிறோம்! நான்கடிச் சதுரமேனும் மண்ணைத் திறந்து வையுங்கள். அங்கே ஒரு பவழமல்லிக்கு இடமுண்டு. அதன் அடியில் நீர் இறங்கவும் வழியுண்டு.

உத்திரமேரூருக்கு அருகே வேடந்தாங்கலில், ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் அம்மரங்களையும் பறவைகளையும் காத்து வருகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. அழகும் பயனும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே அன்பர்களே, இந்த ஆவணியில் கன்று வாங்கச் செல்லும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் சிறு பிள்ளை ஒன்றையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மரத்தின் பெயரும் குணமும் பெரியவருக்குத் தெரியும். அதன் நிழலில் நெடுங்காலம் அமரப்போவது பிள்ளை. அவ்விருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கன்று பெரும்பாலும் தவறாது.