பின்பக்கம்

மே மாதம். மின்விசிறி ஓடவில்லை. சுவிட்சின் மேல் பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கிறது. தெரியாமல்கூட யாரும் போட்டுவிடக் கூடாது.

சென்னை, ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடை ஒன்றின் மாடி. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு அட்டை. பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க தபால்தலை வியாபாரி. கழுத்துக் கயிற்றில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். வலது கையருகே முனை தட்டையான சாமணம். இடது கையருகே வெள்ளைத் துண்டு.

அவர் கையைத் துடைக்கிறார். உள்ளங்கை, விரல், விரலிடுக்கு. சற்றுப் பொறுத்து மறுபடியும் துடைக்கிறார்.

எதிரே ஐம்பதைக் கடந்த ஒரு பெண். பக்கத்தில் மகன், கையில் போன். அவள் மடியில் மஞ்சள் பை. பைக்குள் பழைய வேட்டி. வேட்டிக்குள் ஆல்பம்.

"அப்பாவோடது சார். பீரோவுலயே இருந்துச்சு."

வியாபாரி நடுப்பக்கத்தைத் திறந்து முகர்கிறார். ஈர வாடை இல்லை. முதல் பக்கத்துக்கு வருகிறார்.

டீ வருகிறது. பையன் டம்ளர்களை மேசையில் வைக்கவில்லை. கதவோரம் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் வைத்துவிட்டுப் போகிறான். டீ ஆறுகிறது.

முதல் பக்கம் 1854. அரையணா நீலம் இரண்டு. கல்கத்தாவில் கல்லச்சில் அடித்தவை. அந்நாளில் ஓரத்தில் துளை கிடையாது. தாளிலிருந்து கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒன்றில் கத்தரி உள்ளே இறங்கி, விக்டோரியாவைச் சுற்றிய கோட்டைத் தின்றிருக்கிறது. மற்றதில் நான்கு புறமும் வெள்ளை விளிம்பு. ஒரே ராணி, ஒரே நீலம், ஒரே வருஷம். முதல் தலையில் சாமணம் நிற்கவில்லை. இரண்டாவதில் நான்கு ஓரத்திலும் நின்று நின்று போகிறது. வெட்டியவருக்கு அன்று அவசரம் இல்லை.

அதன் பிறகு பக்கங்கள் வேகமாகப் புரள்கின்றன. ஐந்தாம் ஜார்ஜ். ஆறாம் ஜார்ஜ். திருவிதாங்கூர்ச் சங்கு. ஹைதராபாத். சில தலைகளின் பல்லோரம் பழுப்புப் புள்ளிகள். கடற்காற்று பீரோவுக்குள்ளும் வந்துபோயிருக்கிறது. புள்ளி கண்ட பக்கத்தில் வியாபாரி எதுவும் சொல்வதில்லை, அடுத்ததைப் புரட்டுகிறார். பெண் அவர் விரலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கிறாள்.

ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிடுகிறது. எட்டுத் தலைகள், கோணல்மாணலாக. எல்லாவற்றின் மேலும் செல்லோ டேப். டேப்பின் பசை தேன் நிறத்தில் காகிதத்துக்குள் இறங்கி மறுபுறம் வந்திருக்கிறது.

"இது யாரும்மா ஒட்டினது?"

பெண் மகனைப் பார்க்கிறாள். மகன் போனைப் பார்க்கிறான்.

"அப்போ இவனுக்கு அஞ்சு வயசு சார். அப்பா ஒண்ணும் சொல்லல. அப்படியே ஆல்பத்துல சேர்த்துட்டார்."

வியாபாரி அந்தப் பக்கத்தையும் மற்றவற்றைப் போலவே இரண்டு விரலால் புரட்டுகிறார்.

1948.

நான்கு காந்தி. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவில் வெளியானவை. சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம் அடித்துக் கொடுத்தது. 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் எழுத்து. ஒன்றரை அணா உள்நாட்டுக் கடிதத்துக்கு. மூன்றரை அணா கடல் தாண்ட. பத்து ரூபாயை ஒட்டி யார் என்ன அனுப்பினார்கள்? பெரும்பாலும் சேகரிப்பவர்கள்தான் வாங்கினார்கள், அவர்களிலும் கையில் பணம் இருந்தவர்கள்.

தலைகளுக்குக் கீழே நீல மையில் குண்டுகுண்டாய் ஒரு வரி: 'ஜி.பி.ஓ., 16-8-48.' அந்த வருஷம் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை.

"அப்போ அப்பாவுக்கு எழுபது ரூபா சம்பளம்னு அம்மா சொல்லுவா," என்கிறாள். "அந்த மாசம் வீட்டுல பேச்சுவார்த்தை இல்லையாம்."

வியாபாரி லென்ஸைக் கண்ணில் பொருத்துகிறார். பத்து ரூபாய்க் காந்தியின் முகம் முழுக்க நுண்ணிய, சீரான வலை. கிராவ்யூர் அச்சு. இந்தத் தலைக்குப் போலிகள் நிறைய. ஆப்செட்டில் அடித்த போலியில் வண்ணப் புள்ளிகள் தனித்தனியாய்ப் பிரிந்து கிடக்கும்.

முகத்தில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சாமணம் கீழ் ஓரத்தில் நுழைந்து தலையை மேலே தூக்குகிறது. பின்பக்கம் தெரிகிறது. உச்சியில் மெல்லிய காகிதத் துண்டு மடங்கி ஒட்டியிருக்கிறது. ஹிஞ்ச். ஆல்பத்தில் தலையை நிறுத்த அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தது. நாக்கு நுனியில் லேசாக நனைத்து, பாதியைத் தலையிலும் பாதியைப் பக்கத்திலும் ஒட்டுவார்கள். இந்த ஹிஞ்ச் நேராக, நடுவில், விளிம்புக்குச் சமதூரத்தில் இருக்கிறது.

"ரொம்ப நேர்த்தியா ஒட்டியிருக்கார்," என்கிறார் வியாபாரி. பெண் முகம் மலர்கிறது. அவர் முகம் மலரவில்லை.

ஹிஞ்சைத் தலையிலிருந்து உரிக்காமல் பக்கத்திலிருந்து பிரிக்கிறார். ஒரு நிமிஷம் ஆகிறது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிந்ததும் மகன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறான்.

இனி எல்லாச் சோதனையும் பின்பக்கத்தில். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறார். பசை ஒரே சீராக மின்னுகிறது. ஹிஞ்ச் இருக்கும் இடத்தில் மட்டும் மங்கல். பல்லின் நுனிகளை லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். புதிதாகப் பசை பூசிய தலையில் அது பல்லிடுக்கில் வழிந்து நுனியை முள்ளாக்கிவிடும். இதில் காகித நார் மெத்தென்று நிற்கிறது. பசை பழையது. அச்சகத்தில் பூசியது.

துளைமானியில் வைக்கிறார். இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினொன்றரைத் துளை. கணக்கு சரி.

சிறிய கறுப்புத் தட்டு. லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் சில சொட்டு. தலை குப்புற அதில் இறங்குகிறது. பெண் நாற்காலியில் முன்னால் நகர்கிறாள்.

"பசை போயிடாதா சார்?"

"தண்ணி பட்டாத்தான்மா போகும். இது ஒண்ணும் பண்ணாது."

காகிதம் எங்காவது சுரண்டி மெலிந்திருந்தால் அங்கே கறுப்பாய்த் தெரியும். மடிப்பு இருந்தால் கோடாய்த் தெரியும். மூவரும் குனிந்து பார்க்கிறார்கள். கறுப்பு இல்லை. கோடும் இல்லை. சில நொடியில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது.

ஜன்னல் கதவு சாத்தப்படுகிறது. புற ஊதா விளக்கு. மேசை ஓரத்தில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை நீலமாய்ப் பளீரிடுகிறது. காந்தி இருண்டே இருக்கிறார். 1948 காகிதம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மகன் போனை நீட்டுகிறான். "சார், இதே ஸ்டாம்ப் நாலு கோடிக்கு மேல போயிருக்கு."

வியாபாரி போனை வாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கிறார்.

"அது நாலு தலை சேர்ந்த ஸ்ட்ரிப் தம்பி. 2017-ல பிரிட்டன்ல அஞ்சு லட்சம் பவுண்டு. அதுல குறுக்கே 'சர்வீஸ்'னு அடிச்சிருக்கும். கவர்னர் ஜெனரல் ஆபீசுக்காக நூறு செட்தான் போட்டாங்க. அப்போ கவர்னர் ஜெனரல் யாரு?"

மகன் விழிக்கிறான்.

"நம்ம ராஜாஜி."

ஸ்டான்லி கிப்பன்ஸ் தபால்தலை கேட்டலாக் திறக்கிறது. எண் 308. வியாபாரி விலையை வாசிக்கவில்லை. அது கடைக்காரர் விற்கும் விலை. துண்டுச் சீட்டில் பென்சிலால் ஒரு தொகை எழுதுகிறார். அதன் மேலே இன்னொரு தொகை, கீழ்த் தொகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சீட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளுகிறார்.

"கீழே இருக்கறது உங்களோடது. மேலே இருக்கறது ஹிஞ்ச் படாததுக்கு."

"அந்தச் சின்னக் காகிதத்துக்காகவா?"

"ஆமாம்மா."

அவள் இரண்டு தொகையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிறகு ஆல்பத்தில் காலியான இடத்தை. நீல மை வரி அங்கே தனியாக நிற்கிறது.

"அதை எடுத்துட்டா?"

"எடுத்தாலும் தடம் நிக்கும். தடத்தை மறைக்கப் புதுசா பசை பூசுவாங்க. பூசினா இன்னும் கீழே போயிடும். நீங்க கழுவவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குங்க. அப்புறம் என்கிட்டதான் விக்கணும்னு இல்ல."

மகன் போனைச் சட்டைப்பையில் போடுகிறான்.

திருவிதாங்கூரும் ஹைதராபாத்தும் விலை பேசி முடிகின்றன. இரண்டு அரையணாவில் விளிம்பு உள்ளதை மட்டும் வியாபாரி கேட்கிறார். அவள் இரண்டையும் கொடுக்கவில்லை. டேப் ஒட்டிய பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

சான்றிதழுக்கு அனுப்ப ஒப்புகைச் சீட்டு எழுதப்படுகிறது. '308. மின்ட். அசல் பசை. ஹிஞ்ச் ஒன்று. மெலிவு இல்லை. மடிப்பு இல்லை. கீழ் வலது மூலையில் ஒரு பல் குட்டை.'

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறாள். கடைசி வரியில் விரல் வைக்கிறாள்.

"அந்தப் பல்லை எழுதணுமா சார்? கண்ணுக்கே தெரியலியே."

லென்ஸைக் கழற்றி அவளிடம் தருகிறார். அவள் கண்ணருகே கொண்டுபோகிறாள், விலக்குகிறாள், மறுபடி கொண்டுபோகிறாள். கிடைக்கிறது.

"இருக்கு," என்கிறாள்.

"கறை இல்லன்னும் எழுதுங்க," என்கிறாள் உடனே.

வியாபாரி தலையை மறுபடி வெளிச்சத்தில் காட்டி, முன்னும் பின்னும் பார்க்கிறார். கறை இல்லை. எழுதுகிறார். தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். அவள் இன்னொரு நகல் கேட்கிறாள். அவர் மேசை இழுப்பறையில் கார்பன் தாளைத் தேடுகிறார்.