எஃகின் குரல்

சந்தையில் மட்பானை வாங்கும் மூதாட்டி, அதனைக் கையிலேந்தி விரல் முட்டியால் தட்டிப் பார்க்கின்றாள். கணீரென்று ஒலித்தால் காசு கொடுக்கின்றாள். ஒலி மங்கினால் திருப்பி வைத்துவிடுகின்றாள். கண்ணுக்குத் தெரியாத கீறலைச் செவி காட்டிவிடுகின்றது. பானையை உடைத்துப் பார்த்தும் அதன் உறுதியை அறியலாம். ஆயின், அறிந்த பின் பானை இராது. பொருளைச் சிதைக்காமலே அதன் குற்றங் குறைகளை ஆராய்வதே சிதைவிலாச் சோதனையாகும்.

பானைக்கு விரல் போதும். வண்டியின் பொறியிற் சுழலும் எஃகுப் பற்சக்கரத்துக்கு என் செய்வது? அதன் பற்களைச் சாணைக்கல்லால் தீட்டி வழவழப்பாக்குவர். அப்போது எழும் வெப்பம் அளவு கடந்தால், மேற்படலம் தன் கடினத்தை இழக்கும். அதனுள் இழுவிசையும் தங்கிவிடும். வெளிப் பளபளப்போ சிறிதும் குன்றாதிருக்கலாம். நாள்தோறும் சுமையேற அவ்விடத்தில் வெடிப்புத் தோன்றும். ஒரு நாள் பல் முறியும். விரைந்தோடும் வண்டியில் அது நேர்ந்தால் விளையும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய மறைந்த குற்றத்தை அறிய எஃகின் குரலே துணை செய்கின்றது. அக்குரலை உலகுக்கு அறிவித்தவர் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் என்னும் ஜெர்மானிய அறிஞர். டிரெஸ்டன் நகரில் பேராசிரியராய் விளங்கிய அவர், 1919ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இரும்பைச் சூழக் கம்பிச்சுருள் அமைத்து, அதனை மின்பெருக்கி வழியாக ஒலிக்கருவியோடு இணைத்து, காந்தத்தை மெல்ல நகர்த்தினால், காந்தம் சீராகவே நகரும். ஆயினும், செவியில் விழுவதோ நெல் பொரிவது போன்ற சடசடப்பு!

இதன் காரணம் யாது? இரும்பினுள் மிக நுண்ணிய பகுதிகள் பல உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தமே. அவை வெவ்வேறு திசை நோக்கி நிற்பதால் இரும்பு காந்தமாய்த் தோன்றுவதில்லை. வெளியிலிருந்து காந்த விசை வந்ததும், அதற்கு இசைந்த பகுதிகள் வளர்கின்றன, ஏனையவை சுருங்குகின்றன. இடையிலுள்ள எல்லைகள் நகர்கின்றன. வேர் நிறைந்த நிலத்தில் ஏர் தடைப்பட்டு, பின் துள்ளிச் செல்வதைப் போல, எல்லைகளும் மாசுத் துகள்களாலும் படிகக் குறைகளாலும் தடைப்பட்டு, பின் திடீரெனப் பாய்கின்றன. ஒவ்வொரு பாய்ச்சலும் சுருளில் ஒரு சிறு மின்துடிப்பை எழுப்புகின்றது. எண்ணற்ற துடிப்புகள் சேர்ந்ததே அவ்விரைச்சல்.

இன்றைய உணர்கருவி கையில் அடங்குவது. அதில் லாட வடிவான மின்காந்தம் ஒன்றுண்டு. அதன் கால்களிடையே சிறு சுருள் ஒன்று காது போல அமைந்திருக்கும். எஃகின்மேல் அதனை வைத்து மாறுமின்னோட்டம் செலுத்தினால், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஆழத்தின் செய்தி நொடிப்பொழுதில் கிட்டும். பொதுவாக, எஃகு மென்மையுற்றாலும் இழுவிசை மிகுந்தாலும் இரைச்சல் கூடும். கடினமும் அமுக்கவிசையும் மிகுந்தால் குறையும்.

ஆயினும், இரைச்சல் குறைந்தது கண்டு உடனே மகிழ்தல் ஆகாது. சாணையில் மிகக் கொடிதாய்ச் சூடேறி விரைந்து குளிர்ந்த படலம், மீண்டும் கடினமாகி நொறுங்குந் தன்மை பெறுவதுண்டு. அங்கும் இரைச்சல் தாழ்ந்தே ஒலிக்கும். ஆதலின், குற்றமற்றது என்றும் குற்றமுள்ளது என்றும் முன்பே தெளிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டே முடிவு கூறுவர். செம்பும் அலுமினியமும் இச்சோதனைக்கு உரியன அல்ல. இரும்பு போலக் காந்தத்துக்கு வயப்படும் பொருள்களே இவ்வாறு பேசும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும், எஃகின் உள்ளமைப்பு அடையும் மாறுதல்களை அறிஞர்கள் இவ்விரைச்சலைக் கொண்டு ஆராய்ந்துள்ளனர்.

சோதிப்பவர் ‘இது நன்று’ என ஒதுக்கும் ஒவ்வொரு சக்கரத்தையும் நம்பி, அவர் முகமறியாத மக்கள் பயணம் செய்கின்றனர். மூதாட்டி பானையைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு வீட்டின் நீர் ஒழுகிப் போகும். இவர் தவறினால் உயிர்கள் போகும். கருவி எண்ணைத்தான் காட்டும். அதன் பொருளை உணர்வது பழகிய அறிவே. வெறும் இரைச்சல் என்று பிறர் தள்ளக்கூடியதைப் பொறுமையோடு கேட்டமையாலன்றோ, எஃகின் உள்ளம் மனிதனுக்குத் திறந்தது!